கறிவேப்பிலை குடித்த கஷாயம்

"அத்தை, நாவப்பழம் தின்னா நாக்கு ஏன் உள்ள ஓடி ஒளியுது?"

வீணா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அல்சூர் முருகன் கோவில் வாசலில், அத்தை சந்திரம்மாவின் பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயெல்லாம் ஊதாவாக நாவற்பழம் தின்றுகொண்டிருந்தாள். சந்திரம்மா பூ கட்டும் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"பொய் சொன்ன நாக்குதான் ஒளியும் கண்ணு. துவர்ப்பு போலீஸ் மாதிரி. கண்டுபிடிச்சிரும்."

குழந்தை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அத்தையின் வாயில் ஒரு பழத்தைத் திணித்து, "எங்கே, உன் நாக்கைக் காட்டு" என்றது. சந்திரம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அன்றிலிருந்து யாராவது கொஞ்சம் அளந்துவிட்டால், "நாவப்பழம் கொண்டா" என்பது வழக்கமாகிவிட்டது.

இருபது வருடம் போய்விட்டது. வீணா இப்போது சிவாஜிநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா முனியப்பன் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. அம்மா முத்தம்மா அடுகோடியில் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியில் சமையல் செய்கிறாள். முனியப்பனின் தங்கை சந்திரம்மா அதே கோவில் வாசலில் அதே பூக்கூடையோடு இருக்கிறாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்யாத நாளில் இருவருக்கும் சோறு செரிப்பதில்லை.

சந்திரம்மாவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. இப்போது இரண்டு கண்ணிலும் புரை. பூ கட்டுவதற்கு அவளுக்குக் கண் தேவையில்லை. விரல்களுக்கே மல்லியும் முல்லையும் தெரியும். பஸ் நம்பர் தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கோவிலுக்குள் தீபாராதனை காட்டும்போது தட்டு தெரிந்தது, தீ தெரிந்தது, முருகன் தெரியவில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது அவளும் போட்டுக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு வருஷமா மாலை கட்டிக் குடுக்கிறேன் அண்ணி. அவர் மூஞ்சியைப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு" என்றாள் ஒருநாள். அன்று மட்டும் முத்தம்மா கிண்டல் செய்யவில்லை.

ஜூன் மாதம் இலவசக் கண் முகாமுக்குப் போனார்கள். விரலில் குத்திப் பார்த்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"இவ்ளோ சர்க்கரையை வச்சுக்கிட்டு கண்ணுல கை வைக்க முடியாதும்மா" என்றாள் நர்ஸ். "அடுத்த கேம்ப் பத்து வாரம் கழிச்சு. அன்னைக்கி இருநூறுக்குள்ள இருந்தா ஆபரேஷன். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருடம் வரைக்கும் முருகன் காத்திருப்பார். சந்திரம்மாவின் கண் காத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

கோவில் தெருவில் ஜூஸ் வண்டி வைத்திருக்கும் மஞ்சுநாத் இதைக் கேள்விப்பட்டார். நாவற்பழ காலம் அது. அவர் வண்டிக்குக் கீழே பிழிந்து போட்ட கொட்டைகள் கோணி நிறையக் கிடந்தன.

"அக்கா, நேரளே கொட்டை. காய வெச்சு, பொடி பண்ணி, கஷாயம் போட்டுக் குடி. நம்ம அம்மாவுக்கு சுகர் ஸ்வல்ப கம்மி ஆச்சு. சத்தியமா" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, கோணியைத் தூக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவருக்கும் குப்பை ஒழிந்தது என்று சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. குப்பையைக்கூட ஒருவர் நினைத்துக் கொடுத்தால் அது தானம்தான்.

வீணா தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"தாராளமா குடி அத்தை. அந்தத் துவர்ப்பு, சோத்துல இருக்கிற மாவு சர்க்கரையா மாறுறதைக் கொஞ்சம் மெதுவாக்கும்னு சொல்றாங்க. கொஞ்சம்தான். ஆளுக்கு ஆள் மாறும். இதுவே மருந்துன்னு நினைச்சு மாத்திரையை நிறுத்தினே, அப்புறம் பாரு. சோத்தோட குடி. சோத்தையும் குறை."

முதல் கஷாயத்தை முத்தம்மா வைத்தாள். பழுப்பாக, மேலே மெல்லிய நுரையோடு இருந்தது. சந்திரம்மா ஒரு வாய் உறிஞ்சினாள். நாக்கு, கன்னம், தொண்டை எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கின.

"அய்யே! இதுக்குப் பாத்திரம் கழுவுன தண்ணி தேவலை."

"ஒரு டம்ளர்தானே? கண்ணை மூடிட்டுக் குடி."

"சொல்றவங்களுக்கு என்னா, அண்ணி. குடிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். எங்கே, நீ ஒரு டம்ளர் குடி. நீ குடிச்சா நான் குடிக்கிறேன்."

தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்ன பேச்சு அது. ஆனால் முத்தம்மாவிடம் பேச்சுக்குச் சொன்னால்கூட அது நடந்துவிடும். அவள் இன்னொரு டம்ளரை எடுத்துத் துடைத்தாள்.

"சரி. மத்தியானம் ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒண்ணு. நீ ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர். எதிரெதிரா உட்காரணும். குடிச்சு முடிச்சதும் நாக்கைக் காட்டணும். உன்னை நம்ப முடியாது."

"என் அண்ணன் உன்னை எப்படித்தான் கட்டிட்டு அழுதாரோ."

"அவரு பாவம், உன்கூட இருபது வருஷம் இருந்துட்டு வந்தவரு. என்னைப் பார்த்ததும் மோட்சம்னு நினைச்சாரு."

இரண்டு நாள் சந்திரம்மா ஒழுங்காகக் குடித்தாள். மூன்றாம் நாள்தான் அதைக் கவனித்தாள். முத்தம்மா பிடிக்காத எதையும் குடிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா, முருகா, முருகா" என்று மூன்று முறை சொல்லி, ஒரே மூச்சில் விழுங்குவாள். மூன்று முருகாவும் ஒரு டம்ளரும் முடிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பாள். சந்திரம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் திட்டின் மேல், பழைய பெயிண்ட் பக்கெட்டில் கறிவேப்பிலைச் செடி.

மூன்றாவது முருகா முடிவதற்குள் கஷாயம் கறிவேப்பிலைக்குப் போய்விட்டது. நாக்கு நிறம் மாற ஒரு மிடறு மட்டும் வாயில் வைத்திருந்தாள்.

"காட்டு."

"ஆ."

"நல்ல பிள்ளை" என்றாள் முத்தம்மா.

சந்திரம்மா கெட்டவள் அல்லள். கெட்டவர்கள் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். கோவிலில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வாள், பிச்சைக்காரருக்கு முதல் வியாபாரத்தில் கொடுப்பாள், எறும்பு வரிசையைத் தாண்டித்தான் நடப்பாள். துவர்ப்பு மட்டும் அவளுக்கு ஆகாது. நம்மில் பலர் அப்படித்தான். பெரிய பாவங்களைப் பக்கத்திலேயே சேர்க்க மாட்டோம். ஒரு டம்ளர் கஷாயத்தில் வழுக்கி விழுவோம்.

இன்னொரு விஷயமும் நடந்தது. முத்தம்மாவுக்கு மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போய், உடம்பில் ரத்தம் குறைவு என்று சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை மத்தியானச் சாப்பாட்டோடு விழுங்குவாள். எதிரில்தான் டம்ளர் நிறையக் கஷாயம் இருக்கிறதே, தனியாகத் தண்ணீர் எதற்கு என்று, மாத்திரையையும் அதிலேயே விழுங்கினாள். அவளுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது.

ஐந்தாவது வாரம் வீணா அத்தைக்கு ரத்தம் பார்த்தாள். இருநூற்று எழுபத்தொன்று.

"மாத்திரையைப் பெரிசாக்கியிருக்காங்க. சோத்தையும் குறைச்சாச்சு. கஷாயமும் குடிக்கிறே. இன்னும் இறங்கியிருக்கணுமே" என்று வீணா தலையைச் சொறிந்தாள்.

சாயங்காலம் பூக்கடைக்கு வரும் சர்க்கரை போட்ட டீயையும் பன்னையும் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது சந்திரம்மாவின் பழக்கம் அல்ல.

"பொடி பத்தலை போல" என்றாள் முத்தம்மா. மறுநாளிலிருந்து ஒரு கரண்டி இரண்டு கரண்டியானது. கஷாயம் கறுத்தது. "முருகா" என்ற சத்தமும் கொஞ்சம் பெரிதானது. கறிவேப்பிலைக்குப் பழுப்பு இலை வர ஆரம்பித்தது.

ஏழாவது வாரத்தில் ஒருநாள் முத்தம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். முத்தம்மா ஆட்டோவில் வந்தாள் என்றால் அந்தத் தெருவுக்கே அது செய்தி. விடுதியின் மூன்றாம் மாடிப் படியில் சாம்பார் பாத்திரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். மூச்சு வாங்கியதாம். கண் இருட்டியதாம்.

"சாம்பார் கொட்டிச்சா?" என்று சந்திரம்மா கேட்டாள். பயத்தில் அவளுக்கு வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"ஒரு சொட்டு கொட்டலை" என்றாள் முத்தம்மா பெருமையாக. பிறகு படுத்துக்கொண்டாள்.

வீணா அம்மாவின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காகிதத்தோடு வந்தாள். முகம் சரியில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி ஹீமோகுளோபின் ஒன்பதரை இருந்துது. மாத்திரை சாப்பிட்டு பதினொண்ணு ஆகியிருக்கணும். எட்டு புள்ளி ஒண்ணு இருக்குது. அம்மா, மாத்திரை சாப்பிடறியா இல்லியா?"

"சாமி சத்தியமா தினம் சாப்பிடறேன்டி."

"எதுல முழுங்கறே?"

"கஷாயத்துலதான். தண்ணி எதுக்கு வீணா?"

வீணா காகிதத்தை மடித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"சின்ன வயசுல நான் கேட்டேனே, நாக்கு ஏன் ஒளியுதுன்னு. நாக்கு ஒளியலை. அந்தத் துவர்ப்பு எதைப் பார்த்தாலும் பிடிச்சுக்கும். எச்சில்ல இருக்கிற வழவழப்பைப் பிடிச்சுக்குது, நாக்கு சொரசொரன்னு ஆகுது. அதே மாதிரி வயித்துல இரும்பைப் பிடிச்சுக்கும். உடம்புக்கு விடாது. மாத்திரை இரும்பு, கீரை இரும்பு எல்லாம் அப்படியே வெளியே போயிடும். நீ ரெண்டு வேளையும் சோத்தோட, அதுவும் டபுள் பொடி போட்டுக் குடிச்சிருக்கே. மாசாமாசம் போறது போயிட்டே இருக்கு, உள்ள வர்றது நின்னுபோச்சு."

"அப்போ பொய் சொன்ன நாக்கு?" என்று முத்தம்மா சிரிக்கப் பார்த்தாள்.

"அது அத்தை சொன்ன பொய்."

சந்திரம்மா சிரிக்கவில்லை.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை" என்றாள் வீணா. "அம்மாவை இந்தப் பாடு படுத்துன கஷாயம் அத்தையை ஒண்ணுமே பண்ணலியே?"

"அவ உடம்பு வாகு அப்படி" என்றாள் முத்தம்மா படுத்தபடியே. "அவளைக் குத்தம் சொல்லாதே. பாவம், ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிக்கிறா. நான் நாக்கைப் பார்க்கிறேன்ல."

கோவில் மணி அடித்தால் அடங்கிவிடும். இந்த வார்த்தை சந்திரம்மாவின் காதில் இரண்டு நாள் அடித்துக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானமே முத்தம்மா இரண்டு டம்ளரை எடுத்து வைத்தாள்.

"என்னா பண்றே?" என்றாள் சந்திரம்மா.

"நான் மாத்திரையைத் தனியாப் போட்டுக்கிறேன். கஷாயம் அரை டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆகாது. நான் நிறுத்துனா நீயும் நிறுத்திருவே. இன்னும் மூணு வாரம்தானே கேம்ப்புக்கு? வாக்கு குடுத்துட்டேன்."

சந்திரம்மா அந்த டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினாள். "குடிச்சே, கையை உடைப்பேன். நீ குடிச்சது போதும். நான் தனியா குடிச்சுக்கிறேன்."

"யாரு பார்ப்பா?"

"யாரும் பார்க்க வேணாம்."

"நாவப்பழம் கொண்டா" என்றாள் முத்தம்மா. ஆனால் டம்ளரைக் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சந்திரம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். டம்ளரை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரு முழு டம்ளரும் அவள் தொண்டையில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. புரை கண்ணிலும் கண்ணீர் நன்றாகத்தான் வருகிறது.

அடுத்த மூன்று வாரமும் குடித்தாள். டீக்கடைப் பையனிடம் சர்க்கரை இல்லாமல் கொண்டு வரச் சொன்னாள். அவன் இரண்டு முறை திரும்பக் கேட்டான். பன்னைத் தெரு நாய்க்குக் கொடுத்தாள். சாயங்காலம் ஏரியைப் பாதி சுற்றி நடந்தாள். மாத்திரை, நடை, டீ, சோறு, கஷாயம் இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று வீணாவாலேயே சொல்ல முடியவில்லை. முகாம் அன்று விரலில் குத்தினார்கள். நூற்று எண்பத்தாறு.

"பரவாயில்லையே!" என்றாள் அதே நர்ஸ்.

அன்றே ஆபரேஷன் ஆனது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போடுவதற்கு முன்னால், ஒரு நிமிடம், வெறும் கண்ணால் எதிரே பார்க்கச் சொன்னார்கள். முருகனைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சந்திரம்மா நேர்ந்திருந்தாள். ஆனால் எதிரே நின்றது முத்தம்மா. உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே வெளுத்து, பழைய புடவை போலச் சாயம் போயிருந்தாள்.

"அண்ணி, நீ எப்ப இப்படி வெளுத்துப் போனே?"

"உங்க அண்ணன் பொண்ணு பார்க்க வந்தப்ப மாநிறம்னு சொன்னாராம். இப்பவாச்சும் வெளுத்தேனே."

நர்ஸ் சிரித்தாள். சந்திரம்மா கண்ணாடியை அவசரமாகப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் கூசுகிறது என்றாள்.

டாக்டர் அனுமதித்த நாளில் கோவிலுக்குப் போனாள். தட்டு தெரிந்தது, தீ தெரிந்தது, முருகன் தெரிந்தார். நன்றாகவே தெரிந்தார். எல்லாம் அறிந்த முகத்தோடு லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் சிரிக்கிறார். ஆனால் சந்திரம்மாவால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு முத்தம்மாவின் மாத்திரை சந்திரம்மாவின் பொறுப்பானது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுவாள். அதற்கு முன்னும் பின்னும் டீ, காபி வாடையே கூடாது. "போலீஸ்காரி" என்று முத்தம்மா திட்டுவாள். உதட்டில் மெல்லச் சிவப்பு திரும்பியது. படி ஏறினாள். சண்டையும் பழைய பலத்துக்கு வந்தது.

கஷாயத்தைப் பற்றி வீணா சொல்லிவிட்டாள்: "அத்தை, மாத்திரையிலேயே உனக்கு இப்ப சரியா நிக்குது. இஷ்டம் இருந்தா குடி, இல்லேன்னா விடு." நாவற்கொட்டைப் பொடி இருந்த டின்னை முத்தம்மா பரணில் ஏற்றிவிட்டாள்.

முத்தம்மா மாலை வேலைக்கு நாலு மணிக்குக் கிளம்புவாள். வீணா வர ஏழாகும். சந்திரம்மா பூக்கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில் ஸ்டூலைப் போட்டு டின்னை இறக்கினாள்.

அதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தாள். மாலை கட்டும் வாழைநாரில் நீளமான ஒன்றை எடுத்து, முடிச்சுப் போட்டாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழு வாரம் முடியும் வரை கறிவேப்பிலைக்கு ஊற்றியது நாற்பத்தேழு நாள். நாளுக்கு இரண்டு. தொண்ணூற்று நான்கு முடிச்சு. கண்ணுக்காகக் குடித்த அந்த மூன்று வாரத்தை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. அது அவள் கண்ணுக்கு. இது வேறு. முத்தம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நான் ஒரு டம்ளர் குடித்தால் நீ ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். முத்தம்மா குடித்துவிட்டாள்.

ஒரு ராகி ரொட்டி, ஒரு டம்ளர் கஷாயம், அவிழ்க்க ஒரு முடிச்சு. தினமும் நாலு மணிக்கு. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் குடிப்பாள். பிறகு டம்ளரைத் தேய்த்து, டின்னை ஏற்றி, நாரை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. மார்கழியில் விடியலிலிருந்தே மாலைக்கு ஆள் நின்றாலும் சாயங்காலம் நாலு மணி தப்பவில்லை.

கறிவேப்பிலைக்கும் தினம் நல்ல தண்ணீர் ஊற்றினாள், மண்ணை மாற்றினாள். மற்ற எல்லோரும் தேறிவிட்டார்கள். அது மட்டும் மன்னிக்கிற மாதிரி தெரியவில்லை. பழுப்பு இலையோடு முறைத்துக்கொண்டே நின்றது.

தொண்ணூற்று நான்காம் நாள் டின்னைத் தட்டித் தட்டித்தான் ஒரு கரண்டி தேறியது. கொதிக்க வைத்து வடிகட்டினாள். எதிரில், முத்தம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில், பலகை காலியாக இருந்தது. சந்திரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்று முறை "முருகா" என்றாள். ஒரே மூச்சில் குடித்தாள்.

கண்ணைத் திறந்தாள். யாரும் இல்லை. காலிப் பலகையைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நாக்கு சொரசொரவென்று சுருண்டு உள்ளே ஓடப் பார்த்தது. ஓடட்டும் என்று கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள்.

பிறகு கடைசி முடிச்சை அவிழ்த்தாள். டம்ளரைக் கழுவி, முத்தம்மாவின் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.